உன் படத்து மேல எரியுற பல்பு

நீ வாங்கின ஃபில்டரப் போடலடா மச்சான், கழட்டிட்டேன். திட்டாம கேளு, என் தங்கமே, சுரேசு.

பூந்தமல்லி மண்டபத்தின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து இதை போனில் தட்டுகிறேன். இன்று உன் தங்கச்சி கீதாவுக்குக் கல்யாணம். நேற்று ரிசப்ஷன் முழுக்க நின்றதில் கால் இரண்டும் என்னுடையது மாதிரியே இல்லை. நீ இருந்தால் கேமராவை மாற்றி மாற்றிப் பிடித்திருப்போம். இப்போ தனியாள்டா.

அந்த டிஃப்யூஷன் ஃபில்டரை நீ எதற்கு வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். கன்னத்து அம்மைத் தழும்பால் கீதா எந்த போட்டோவிலும் நேராக நின்றதில்லை. "அவ கல்யாணத்துக்கு இத லென்ஸ்ல மாட்டு மாமே, மூஞ்சி பஞ்சாட்டம் வரும்" என்றாய். நேற்று வந்தது. பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

சிக்கல் காலையில்தான். தாலி ஏறும் முன் அவள் உன்னைக் கும்பிட வேண்டும் என்று உன் அம்மா மேடையிலேயே உன் படத்தை மாலையோடு வைத்துவிட்டார். ரெண்டு பிள்ளைகளும் ஒரே ஷாட்டில் வேண்டுமாம். படத்தின் மேல் சின்னதாக ஒரு பல்பு. சும்மா எடுத்துப் பார்த்தேன். ஃபில்டர் அந்த வெளிச்சத்தை ஊதிப் பெரிதாக்கி, உன் மூஞ்சியையே தின்றுவிட்டது.

"ம்மா, பல்ப கொஞ்ச நேரம் நிறுத்திக்கவா?"

"இன்னாடா பேசுற? புள்ள படத்துல எரியுறத நல்ல நாள்ல அணைப்பாங்களா? காலேஜ உட்டப்பவே புத்தியயும் அங்கியே உட்டுட்டு வந்துட்டியா?"

உன் அம்மாவிடம் யார் வாதாடுவது? நீயே ஜெயித்ததில்லை.

கீதா கேமராவை வாங்கிப் பார்த்தாள்.

"இதுல அண்ணன் எங்க கீறான்?"

"அந்த வெளிச்சத்துக்குள்ளதான்."

"கழட்டு லோகுண்ணா."

"கழட்டுனா உன் கன்னம்..."

"அவன் பாக்காத கன்னமா? கழட்டுன்றேன்ல."

ஃபில்டர் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. அவள் நேராக நிற்பாளா, கடைசி நொடியில் முகத்தைத் திருப்பிக்கொள்வாளா? நீ ஆசைப்பட்டதைக் கெடுக்கிறேனா? தெரியலடா, யோசிக்கவும் தெம்பு இல்ல. ஒன்று மட்டும் நிச்சயம். அந்த ஷாட்டில் நீங்க ரெண்டு பேரும் தெரிவீங்க.

மேளம் மாறிடுச்சு. கேமராக்காரன் எங்கன்னு கத்துறாங்க. நான் போவணும்.

உன் மச்சான்,
லோகு