எதிர்த்தரப்புக்கும் ஓர் அடுக்கு

என்மேல் கேஸ் போட்டவளே,

லேக் மார்க்கெட்டில் நம் வழக்கமான கடையில் இன்று சாயந்திரம் பெருங்காயம் வாங்கினேன். கை கழுவியும் வாசனை போகவில்லை. நாளைக்கு ஹியரிங் அல்லவா, புளிக்காய்ச்சல் செய்து வைக்கலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். பெருங்காயம் தூக்கலாக இருந்தால்தான் உனக்குச் சோறு இறங்கும் என்று கை தானாக இன்னொரு கட்டியை எடுத்தது. அப்போதுதான் நீ வரப்போவதில்லை என்பது உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

பொருளாதாரத் துறையில் ஒரே ஓர் உதவிப் பேராசிரியர் இடம். நேர்முகத்துக்கு இருவரும் ஒரே ஆட்டோவில்தான் போனோம். எனக்குக் கிடைத்தது. நீ கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் தேறியவள். நான் அதை எழுதவே இல்லை. என்னிடம் இருந்தது டாக்டர் பட்டம், அதுவும் புதிய விதிகள் வருமுன் பதிவு செய்து வாங்கியது. அந்தப் பட்டம் இருந்தால் நெட் தேவையில்லை என்றது பல்கலைக்கழகம். தேவை என்றாய் நீ. கரியாஹாட் நடைபாதைக் கடையில் நான் வேலைக்குக் கட்டிப்போக ஒரு தாந்த் கைத்தறிப் புடவையைப் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தாய். பையை என் கையில் கொடுத்த கையோடு சொன்னாய்: "அடுத்த வாரம் ஹைகோர்ட்ல ரிட் மனு போடறேன்டி. உன்மேல கோபமில்ல. ஆனா ரூல் என்னன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

எனக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. கோர்ட் நோட்டீஸில் உன் பெயருக்கு எதிரே என் பெயரைப் பார்த்தபோது, பள்ளிக்கூடத்திலிருந்து கூட இருந்தவள் இப்படிச் செய்வாளா என்று அம்மாவிடம் புலம்பித் தீர்த்தேன். முதல் ஹியரிங் அன்று காலையில் எங்கள் வாசலில் டாக்ஸி நிற்கிறது, உள்ளே நீ. "கோர்ட்டுக்குத்தானே? ஏறு. ஒரே எடத்துக்கு ரெண்டு டாக்ஸி எதுக்கு?"

அப்படித் தொடங்கியதுதான் நம் வழக்கம். ஒருமுறை உன் வீட்டுச் சாப்பாடு, ஒருமுறை என் வீட்டுச் சாப்பாடு. ஈரடுக்குத் தூக்கில் மேலடுக்கு மனுதாரருக்கு, கீழடுக்கு எதிர்மனுதாரருக்கு. கோர்ட் தாழ்வாரத்து பெஞ்சில் நாம் சாப்பிடுவதைப் பார்த்து என் வக்கீலுக்கு முகமே செத்துவிட்டது. "மேடம், எதிர்த்தரப்போடு உட்கார்ந்தா சாப்பிடுகிறீர்கள்?" என்று வங்காளத்தில் பதறினார். நீ வங்காள வழக்கப்படி அண்ணன் முறை சொல்லி அவருக்கும் ஒரு பிடி நீட்டினாய். "சண்டை எல்லாம் உள்ளே, தாதா. இங்கே புளியோதரை மட்டும்தான்." பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றாளேன்னு உங்க அம்மா என்னை வைவாங்க. அப்பளம் இருக்கா?" என்றாய்.

உள்ளே நீ விட்டுக்கொடுத்ததே இல்லை. "இவருக்கு இந்தப் பதவிக்கான தகுதியே கிடையாது" என்று உன் வக்கீல் ஒருநாள் உரக்கச் சொன்னபோது எனக்குக் காது மடல் எரிந்தது. வெளியே வந்ததும் உன்னைப் பிடித்துக்கொண்டேன். "நான் லாயக்கில்லாதவளாடி?"

நீ சிரிக்கவில்லை. "உன் கிளாஸுக்கு வெளியில நின்னு கேட்டிருக்கேன். நல்லாத்தான் நடத்தற. ஆனா நல்லா நடத்தறது வேற, தகுதி வேற. அதை நீயும் நானும் சொல்லக் கூடாது, ஜட்ஜ் சொல்லணும். எப்படிச் சொன்னாலும் சரி, நமக்கப்புறம் வர்றவங்களாவது அலையாம இருப்பாங்க."

மழைக்காலம் முடியுமுன்னே டெங்கு உன்னைக் கொண்டுபோய்விட்டது. அழுதேன். அழுகையோடு ஆத்திரமும் வந்தது. இப்படிப் பாதி வழக்கில் விட்டுவிட்டுப் போவாயா?

நேற்று என் வக்கீல் போன் செய்தார். குரலில் கல்யாணக் களை. அதே இடத்துக்கு விண்ணப்பித்து, உன்னோடு சேர்ந்து மனுப் போட்ட பர்தமான் ஊர்ப் பெண் மௌஷுமி இருக்கிறாளே, அவள் பின்வாங்குகிறாளாம். ஓடியாடியதெல்லாம் நீதான், அவள் கையெழுத்துப் போட்டதோடு சரி. "நாளைக்கு அவள் வரமாட்டாள். அவள் பக்கம் யாரும் நிற்காவிட்டால் கேஸ் தள்ளுபடி. உங்கள் வேலையை இனி யாரும் அசைக்க முடியாது. நீங்கள் பேசாமல் இருந்தால் போதும்."

பேசாமல் இருப்பது எனக்கு வராது. எதிராளி செத்துப்போனதால் பிழைத்தவள் என்ற பெயரோடு நான் அந்த நாற்காலியில் உட்கார வேண்டுமா? என் பட்டம் போதும் என்று நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அதை என் வாயைத் தவிர வேறொரு வாய் சொல்லிக் கேட்க வேண்டும். போதாது என்று சொல்லிவிட்டால் வேலை போகும், இந்த வயதில் வேறெங்காவது முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பயமாகத்தான் இருக்கிறது. அதற்காக உன் கேள்வியை உன்னோடு சேர்த்து எரித்துவிட முடியுமா?

இதை எழுத உட்காருமுன் மௌஷுமிக்குப் போன் செய்தேன். நாளைக்குக் கட்டாயம் வா, வழக்கை விடாதே என்றேன். என்னை அக்கா என்று கூப்பிட்டு, தயங்கித் தயங்கி வங்காளத்தில் கேட்டாள்: "தீதி, நான் ஜெயித்தால் உங்கள் வேலை போய்விடுமே?"

"போகும். ஆனால் உன்னைச் சும்மா ஜெயிக்க விடுவேன் என்று நினைக்காதே. காலை ரயிலில் ஏறு. ஹவுராவில் டாக்ஸியோடு நிற்கிறேன்."

"நீங்களா வருவீர்கள்?"

"ஒரே இடத்துக்கு இரண்டு டாக்ஸி எதற்கு?"

சொன்ன பிறகுதான் அது உன் பேச்சு என்று தெரிந்தது. சாப்பாடு கொண்டுவரட்டுமா என்று அவள் கேட்டாள், வேண்டாம் என்றுவிட்டேன். எழுந்து மறுபடி அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். தூக்கைத் துடைத்து வைத்துவிட்டேன். மேலடுக்கு மனுதாரருக்கு. அந்தப் பெண்ணுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ, பெருங்காயத்தை மட்டும் நான் குறைக்கப் போவதில்லை.

இன்னமும் உன் எதிர்த்தரப்பு,
நான்தான்.