விசா செங்கோட்டைக்குப் போகவில்லை

என் செல்ல வாப்பாவுக்கு,

உங்க ரெண்டு வாலுல, பேசத் தெரிஞ்ச வாலு சலாம் சொல்லி எழுதுறேன். குற்றாலத்துச் சாரல் நம்ம வடகரை வரைக்கும் வந்தாச்சு. உம்மாவோட இத்தா, அந்தத் துக்கக் காலம், நேத்தோட முடிஞ்சது. நீங்க போனதுல இருந்து நாலு மாசம் பத்து நாள், உம்மா வாசப்படி தாண்டல, வெள்ளைச் சேலையை மாத்தல. கூடவே இன்னொரு ஆளும் தாண்டல. உங்க பூனை விசா. அது பிறவியிலேயே வெள்ளை, தனியா சேலை எடுக்கிற வேலை மிச்சம்.

துபாய் வேலையை விட்டு வந்த வாரம், மழையில நனைஞ்சு வந்த குட்டிக்கு அந்தப் பேரை வச்சது நீங்க. "ஒரு விசா முடிஞ்சா இன்னொரு விசா"ன்னு சிரிச்சீங்க. உம்மா சிரிக்கல. உம்மாவுக்கும் விசாவுக்கும் நடுவுல நீங்கதான் இருந்தீங்க. அப்புறம் ஒரே அறைக்குள்ள அவங்க ரெண்டு பேர் மட்டும்.

இத்தாவோட முதல் வாரமே விசா வாலைத் தரையில பட்டுப்பட்டுன்னு அடிச்சுது. "நாய் மாதிரி வாலாட்டுது, பாசம்போல"ன்னு உம்மா தடவப் போனாங்க. கையில மூணு கோடு. "இதுக்கு என்னைக் கண்டாலே ஆகல. இத்தா முடியட்டும், செங்கோட்டைப் பெரியும்மா வீட்டுல விட்டுருவோம்"னுட்டாங்க. பெரியும்மா இன்னைக்குக் கூடையோட வர்றதா ஏற்பாடு.

உங்க சட்டை இருக்கு, கண்ணாடி இருக்கு. உங்க குரலுக்குக் காதைத் திருப்பின பூனையும் போயிட்டா?

பூனை பாஷையில நான் பட்டம் வாங்கினவ. வெள்ளரிக்காயைப் பின்னால வச்சுப் பயமுறுத்தினது, வாலுல ரிப்பன் கட்டினது, எல்லாத்துக்கும் கையில சான்றிதழ் இருக்கு. அந்தத் தைரியத்துல உம்மாகிட்டச் சொன்னேன்.

"வாலை அடிச்சா கிட்ட வராதேன்னு அர்த்தம். காது பின்னால படுத்தா அது பயம், வெறுப்பில்ல. நீங்க முறைச்சு முறைச்சுப் பாக்கீங்க. பார்த்துட்டு, கண்ணை மெதுவா மூடித் திறங்க. பூனை பாஷையில அதுதான் பாசம்."

"ஏட்டி, இத்தா இருக்கவளைப் பூனைக்குக் கண்ணடிக்கச் சொல்லுதியா?"

"ரெண்டு கண்ணும் மூடணும் உம்மா. ஒரு கண்ணுன்னாதான் தப்பு."

சிரிச்சுட்டாங்க, வாப்பா. நீங்க போனப்புறம் முதல் தடவை.

முந்தாநாள் தொழுதுட்டு உம்மா பாயிலேயே உக்காந்திருந்தாங்க. எதிர்ல விசா. உம்மா மெதுவா கண்ணை மூடித் திறந்தாங்க. கண்ணு நனைஞ்சிருந்துது. பூனைக்காகவா, உங்களுக்காகவான்னு நான் கேக்கல. விசாவும் மெதுவா மூடித் திறந்துச்சு. அப்புறம் வாலைக் கொடிக்கம்பமா நிமிர்த்திக்கிட்டு வந்து, மடியில ஏறி, முன்னங்காலால மாவு பிசைய ஆரம்பிச்சுது.

"என்னட்டி பண்ணுது இது?"

"குட்டியில தாய்கிட்டப் பால் குடிச்ச பழக்கம். உங்களையும் தாயாக்கிட்டுது."

உம்மா குரலைத் தாழ்த்துனாங்க. "பெரியும்மாவுக்கு போன் போட்டுக் கூடை வேண்டாம்னு சொல்லிரு. வெளிய போய்ப் பேசு, இங்கன தூங்குது."

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். துபாய்ல இருந்தப்ப வீடியோ கால்ல வருவீங்க. நான் நிறுத்தாமப் பேசுவேன். நீங்க பேசாம என்னையே பார்த்து, கண்ணை மெதுவா மூடித் திறப்பீங்க. "தூங்குமூஞ்சி வாப்பா"ன்னு கிண்டல் பண்ணுவேன். அது தூக்கம்தானா?

விசா இனி நம்ம வீட்டை விட்டு எங்கேயும் போகாது. வெள்ளரிக்காய் இனி தின்ன மட்டும்தான், சத்தியம். போன்ல உங்க போட்டோவைத் திறக்கும்போதெல்லாம் வாயை மூடிக்கிட்டு, கண்ணை மெதுவா மூடித் திறப்பேன்.

உங்க வால் முளைச்ச மக,
நஸ்ரின்