பிப்ரவரியில் போட்ட ஓட்டு

நண்பனாக இருந்தவனுக்கு,

நேற்று டிவியில் உன்னைப் பார்த்தேன். லண்டன் ஹோட்டல் மேடையில் வருடத்தின் சிறந்த ஆட்டக்காரனுக்கான கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னை எதிர்த்து ஆடுனவங்களே ஓட்டுப் போட்டுக் குடுத்த பரிசு இது, இதுக்கு மேல என்ன வேணும்?" என்றாய். வெட்கமாக இல்லையா உனக்கு?

இந்தப் பரிசு தொடங்கியதிலிருந்து ஏழு வருடம் நாம் ஒரே அணி. சொந்த அணிக்காரனுக்கு ஓட்டுப் போடக் கூடாது என்ற விதியை வருடா வருடம் திட்டித் தீர்த்தேன். நீ வேறு அணிக்குப் போனதும், பிப்ரவரியில் ஓட்டுச் சீட்டு வந்த அன்றே உன் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

மார்ச்சில் உன் புது அணியோடு நாங்கள் ஆடியபோது என் முழங்காலை மிதித்து உடைத்தாய். கீழே கிடந்த என்னிடம் குனிந்து, "எந்திரிடா, நடிக்காத" என்றாய்.

ஆஸ்பத்திரியிலிருந்தே நம் கால்பந்து ஆட்டக்காரர் சங்கத்துச் செயலாளர் கிளெக்கைக் கூப்பிட்டு, சீட்டைத் திருப்பிக் கேட்டேன். "போட்டது போட்டதுதான்பா, அது போய்ச் சேந்தாச்சு" என்றார்.

நேற்று என் மனைவி மோரீன் டிவியை அணைக்கப் போனாள். "இருக்கட்டும் விடு!" என்று அவளிடம் கத்தினேன்.

இனி என்னால் ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆடாதவனுக்குச் சீட்டு வராது. ஆட்டக்காரனாக நான் கடைசியாகப் போட்ட ஓட்டு உனக்குப் போட்டதுடா.

ஏழு வருடம் உன் முதுகுக்குப் பின்னால் காவல் நின்றவன்