மறுகால் ஓடை

ஸ்ரீவில்லிபுத்தூர்
6.10.2024

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் ராணுவ போஸ்டில் சிக்னல் இல்லாததால் கடிதம்தான் கதி. அத்தையும் பாப்பாவும் சுகம். நான்தான் சரியாக இல்லை.

எம்.ஏ. பிராஜெக்டுக்காகப் பல்கலைக்கழக நூலகத்தின் வரைபட அறைக்குப் போனேன். கட்டில் அகலத்துக்கு இழுப்பறைகள். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில்தான் தருகிறார்கள். நம் பக்கத்துப் பழைய வரைபடத்தில் ஆசையாக நம் வீட்டைத் தேடினேன். அந்த இடத்தில் ஒரு நீலக்கோடு ஓடுகிறது. கண்மாய் நிரம்பினால் தண்ணீர் வெளியேறும் மறுகால் ஓடை அது. டிரேசிங் தாளில் எடுத்து, மனைப் பிளான் அளவுக்குப் பெரிதாக்கி, மேலே வைத்துப் பார்த்தேன். பாப்பா தூங்குகிற அறை வழியாகப் போகிறது.

கண்மாய் இந்த வருடம் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. ஊருக்கெல்லாம் சந்தோஷம். நான் தினமும் போய் மட்டம் பார்த்துவிட்டு வருகிறேன். ராஜபாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போவோம் என்றால் அத்தை, "எம்மவன் எழுதட்டும், பொறவு வாரேன். ஒரு கோட்டுக்குப் பயந்து ஓடவா?" என்கிறார்.

கிளம்பச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் அனுசியா


19.10.2024

அன்பு அனுசியா,

இங்கே சுகம். பாப்பாவுக்கு முத்தம். உன் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். படிக்கப் போன இடத்தில் பேயைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாய். அது தாத்தா காலத்துத் தாள். அங்கே சீமைக்கருவேலத்தைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. லீவெல்லாம் செலவழித்துக் கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் ஊர் சிரிக்கும். அம்மாவைப் பயமுறுத்தாதே. பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது, அனுப்பு.

தங்கப்பாண்டியன்


28.10.2024

அனுசியா,

போன கடிதத்தைக் கிழித்துப் போடு.

நேற்று ரோந்தில் நம்மூர்ப் பக்கத்துச் செட்டியார்பட்டிக்காரன் ஒருவன் காய்ந்த மணலில் கூடாரம் அடித்தான். "ஏலே, மேப்புல ஓடைன்னா ஓடைதான். எம்புட்டு காஞ்சு கெடந்தாலும் அதுல படுக்கக் கூடாது" என்று நான்தான் திட்டினேன். சொல்லி முடித்ததும்தான் உன் நீலக்கோடு நினைவுக்கு வந்தது. அப்போதிருந்து பாப்பாவின் அறையே கண்ணில் நிற்கிறது.

இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டு: அம்மா, உடனே கிளம்பு. வீடு போனால் போகட்டும்.

தங்கப்பாண்டியன்


ராஜபாளையம்
9.11.2024

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் இரண்டாவது கடிதம் அங்குமிங்கும் சுற்றி இன்றுதான் இங்கே வந்தது. பயப்படாதீர்கள், மூவரும் பத்திரம்.

தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம் கண்மாய்ப் பக்கம் குலவைச் சத்தம் கேட்டது. மறுகால் பாயப் போகிறதென்று ஊரே பூப்போட ஓடியது. நான் பாப்பாவின் துணிகளைப் பையில் திணித்தேன். அத்தை அசையவில்லை. "எம்மவன் எழுதுனானா?" என்றார்.

உங்கள் முதல் கடிதம்தான் கையில் இருந்தது. அத்தைக்கு வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் பிரித்தேன். "அம்மா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இப்போதே புறப்படு" என்று வாசித்தேன். பருப்புப்பொடி கேட்டிருந்த வரியில் விரல் இருந்தது. அத்தை உடனே பாப்பாவைத் தூக்கிக்கொண்டார்.

விடிவதற்குள் நம் வீட்டில் ஜன்னல் வரை தண்ணீராம். பாப்பாவின் கட்டில் வேலியில் கிடக்கிறதாம்.

இன்று நிஜக் கடிதத்தை வாசித்தேன். "ஏட்டி, இதத்தான் அன்னைக்கே வாசிச்சியே, மறுபடியும் எதுக்கு?" என்றார் அத்தை. நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

மழைச் சத்தம் கேட்டால் இன்னும் பதறி எழுந்து பாப்பாவைத் தொட்டுப் பார்க்கிறேன். நீங்கள் கிழிக்கச் சொன்ன கடிதத்தைக் கிழிக்கவில்லை, 'சிரித்தேன்' என்ற வார்த்தையோடு பத்திரமாக இருக்கிறது. லீவில் வந்ததும் உங்கள் கையாலேயே கிழியுங்கள்.

அனுசியா