நீ பெங்களூர்ல இருந்த ரெண்டு வருசம்

சௌரிபாளையம், கோயமுத்தூர்
வெள்ளிக்கிழமை மத்தியானம்

அன்புக் கண்ணு யஷ்வந்துக்கு,

அம்மா எழுதறது. இங்க நானும் உங்கப்பாவும் பூஜிதாவும் ஒடம்புக்கு ஒரு கொறையும் இல்லாம இருக்கறோம், நீயும் ஹைதராபாத்துல அப்படியே இருக்கோணும்னு தெனம் வெளக்குப் பொருத்தறப்ப அவிநாசியப்பனைக் கேட்டுக்கறேன். காலையிலதானே அம்மா வாட்சப்புல பூப்படம் அனுப்புனா, இப்ப எதுக்குக் கூரியர்ல லெட்டர் வருதுன்னு உனக்குத் திக்குனு இருக்கும். யாருக்கும் ஒண்ணும் ஆகலை சாமி, அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். ரூம்ல இருக்கற பசங்க வெளிய போன பொறவு உக்காந்து நிதானமாப் படி. ஊட்டுல தெலுங்கு பேசினாலும் எனக்கு எழுத வர்றது தமிழ்தான், அதும் வாய்ல வர்ற மாதிரிதான் எழுதறேன், தப்பு இருந்தா சிரிக்காதே. நம்ம தெலுங்கைக் கேட்டு அங்கத்த ஆளுக சிரிக்கறாங்கன்னு சொன்னியே, இன்னும் சிரிக்கறாங்களா? சிரிச்சாச் சிரிக்கட்டும்.

இங்க நாலு நாளா மழை, துணி காயறதே இல்லை. உங்கப்பாவுக்குக் குளிர் வந்தா அந்த ஒடஞ்ச கால் இழுக்குது, ஆனா மோட்டார் கம்பெனிக்கு லீவு போடச் சொன்னாக் கேக்கறதில்லை. பூஜிதாவுக்குக் காலேஜ்ல கம்பெனிக்காரங்க வர ஆரம்பிச்சாச்சு, போன வருசம் வந்ததுல பாதிகூட வரலையாம், புள்ள கண்ணாடி முன்னால நின்னு இங்கிலீஷ்ல தன்னைப் பத்தித் தானே சொல்லிச் சொல்லிப் பாக்குது. நீ சொல்லிப் பாத்த அதே வார்த்தைதான் கண்ணு, அதே கண்ணாடிதான். நீங்க எல்லாம் என்னையப் பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்ணுவீங்க, பல்லி சத்தம் போட்டாக்கூடப் பயப்படுவான்னு உங்கப்பா ஒறம்பரை சனத்துக்கிட்டயெல்லாம் சொல்லுவாங்க. ஆமாம், பயந்தவதான். ஆனா இந்த மூணு நாளாப் பயப்படற மாதிரி நான் எப்பவும் பயந்ததில்லை.

செவ்வாக்கிழமை பொழுது சாயற நேரத்துல, மழை தூறிட்டு இருக்கறப்ப, ரெயின்கோட்டு போட்ட ஒரு புள்ள ஸ்கூட்டியை வாசக் கேட்டுப் பக்கத்துல நிறுத்திப்போட்டு, ஏனுங்கம்மா யஷ்வந்த் அவங்க ஊடுங்களான்னு கேட்டுச்சு. கழுத்துல அட்டை தொங்குது. உனக்கு அங்க என்னமோ ஆகித்தான் ஆள் வந்திருக்குதுன்னு நெனச்சேன். பயப்படாதீங்கம்மா, அவருக்கு வேலை குடுத்த கம்பெனியில இருந்து அட்ரஸ் சரிதானான்னு பாத்துட்டு வரச் சொல்லியிருக்கறாங்க, எல்லாருக்கும் பண்றதுதானுங்கன்னு சொல்லிச்சு. பேரு ரிஃபானா, உக்கடத்துல ஊடாம். அவ்வளவுதான், எனக்குத் தலை கால் புரியலை. எம்பையன் வேலை பாக்கற கம்பெனி எங்க ஊடு தேடி ஆள் அனுப்பியிருக்குதுன்னு சொன்னாச் சும்மாவா? புள்ளைய உள்ள கூப்புட்டு, தலை தொவட்டத் துண்டு குடுத்து, காப்பி போட்டு, மேட்டுப்பாளையத்துல இருந்து வந்த வர்க்கி பிஸ்கட்டை வெச்சேன். வேண்டாமுங்கம்மான்னு எவ்வளவோ சொல்லிச்சு, நான் உட்டாத்தானே.

போனைப் பாத்துப் பாத்து ஒவ்வொண்ணாக் கேட்டுச்சு. சொந்த ஊடான்னு கேட்டுச்சு, ஆமான்னேன். அப்பறம், காலேஜ் முடிச்சதுல இருந்து இந்த வருசம் வரைக்கும் அவரு பெங்களூர்ல தங்கி ஒரு கம்பெனியில வேலை பாத்தாருங்களே, அது சரிங்களான்னு கேட்டுச்சு. நான் சிரிச்சுப்போட்டேன் கண்ணு. அட அம்மணி, யாரோ தப்பா எழுதிப்போட்டாங்க, எம்பையன் ஒரு ராத்திரிகூட வெளிய தங்கினவன் இல்லை, அந்த ரெண்டு வருசமும் இந்த ஊட்டுலதான் இருந்தான்னு சொன்னேன். அதோட வாயை மூடியிருக்கலாம். அவங்கப்பா கம்பெனியில வழுக்கி உழுந்து தொடை எலும்பு ஒடஞ்சு படுத்தப்ப, தூக்கி உக்கார வெச்சது, குளிக்க வார்த்தது, பெட் பேன் எடுத்தது எல்லாம் இவந்தான், எந்தப் பையன் செய்வான்னு கேட்டேன். அது போதாதுன்னு என்ற போன்ல இருக்கற போட்டோவையும் காமிச்சேன், உங்கப்பா வாக்கரைப் புடிச்சு மொத அடி எடுத்து வெக்கறப்ப நீ பொறவால கையை நீட்டிக்கிட்டே நிப்பியே, அந்தப் போட்டோ. தேதியோட இருக்குது.

அந்தப் புள்ள போட்டோவைப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு, கையில புடிச்சிருந்த வர்க்கியைத் தட்டுல வெச்சுப்போட்டுச்சு. அம்மா, உங்களுக்கு இது தெரியாதுங்களான்னு கேட்டுச்சு. அப்பறந்தான் மெதுவா வெளக்கிச் சொல்லிச்சு, வேலை கெடைக்காம இருந்த வருசத்தை எல்லாம் வேலை பாத்ததாக் காட்டறதுக்கு ஆள் இருக்கறாங்களாம், கன்சல்டன்சின்னு பேர் வெச்சுக்கிட்டு, இல்லாத கம்பெனி பேர்ல சர்டிபிகேட்டு, சம்பளச் சீட்டு எல்லாம் அடிச்சுக் குடுப்பாங்களாம். இந்த வருசம் நீ கோர்ஸ் படிக்கறேன்னு ஹைதராபாத்துக்குப் போனது அங்கதானா? மகன் சோத்துல நானே மண்ணை அள்ளிப் போட்டுப்போட்டேன், அதும் காப்பி குடுத்து உபசாரம் பண்ணி.

நீங்க சொன்னதை நான் எழுதித்தானுங்கம்மா ஆகோணும்னு அந்தப் புள்ள சொன்னப்ப அதோட கண்ணுலயும் தண்ணி. அதும் டிகிரி முடிச்சு ரெண்டு வருசம் ஏறி எறங்காத கம்பெனி இல்லையாம், எங்க போனாலும் எக்ஸ்பீரியன்ஸ் இருக்குதான்னு கேட்டுத் திருப்பி அனுப்பிச்சாங்களாம், கடைசியாக் கெடைச்ச மொத வேலை இந்த ஊடு ஊடா அலையற வேலைதானாம். இந்தப் புள்ள எழுதறதை மேல இன்னொருத்தர் போன் போட்டுச் சரி பாப்பாராம், கூட வேலை பாத்த புள்ள ஒண்ணு பாவம் பாத்து மாத்தி எழுதி, வேலை போயி ஊட்டுல உக்காந்திருக்குதாம். திங்கக்கிழமை வரைக்கும் எனக்கு நேரம் இருக்குதுங்க, அதுக்குள்ள அவருகிட்டப் பேசுங்கன்னுச்சு. அவங்களாக் கண்டுபுடிச்சாப் பேர் கெட்டுப்போயிருமுங்க, அவராப் போய்ச் சொல்லிப்போட்டு வேலையை உட்டா அந்த அளவுக்குப் போகாதுன்னு கேள்விப்பட்டிருக்கறேன், உறுதியாச் சொல்ல முடியாதுங்கன்னும் சொல்லிச்சு. காப்பி ஆறிப்போச்சு, குடிக்காமயே மழையில கெளம்பிப் போயிருச்சு.

உங்கப்பாவுக்கு இன்னும் தெரியாது. பூஜிதாகிட்ட மட்டும் சமையக்கட்டுல வெச்சுச் சொன்னேன். அவளுக்கு இது முன்னாலயே தெரியும் போல, சீனியருக பாதிப் பேரு இப்படித்தாம்மா போறாங்க, வேற வழி என்ன இருக்குதுன்னு அவ என்னையவே கேக்கறா. கெளம்பறப்ப அந்தப் புள்ள குடுத்த நம்பர் இருக்குதில்ல, கூப்புட்டு அழும்மா, நீ அழுதா எழுத மாட்டாங்கன்னு சொன்னா. அழுதா அது கேக்கும் கண்ணு, எனக்குத் தெரியும், அதுக்கு அப்படி ஒரு மொகம். ரெண்டு தடவை நம்பரை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்தேன். கேக்கறதுக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அந்தப் புள்ளைக்கும் ஊட்டுல ஒரு அம்மா இருப்பாங்கல்ல, என்னைய மாதிரியே கேட்டைப் பாத்துக்கிட்டு. என்ற மகன் வேலை நிக்கறதுக்கு அவங்க மக வேலை போகோணும்னு நான் எப்படிக் கேக்கறது, எந்த வாய்ல கேக்கறது?

கோவமும் வருது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆகாதாடா? நான் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், அவ்வளவுதானே? ஆனா உன்னையத் திட்டறதுக்கு மனசு வர மாட்டேங்குது, ஒவ்வொரு இண்டர்வியூவுக்கும் சட்டையைத் தேச்சுப் போட்டுக்கிட்டுப் போயி, திரும்பி வந்து செவுத்தைப் பாத்துப் படுத்துக்குவியே, அது கண்ணுல நிக்குது. என்ன கேட்டாங்கன்னு கேட்டா, இந்த ரெண்டு வருசம் என்ன பண்ணிட்டு இருந்தேன்னு கேக்கறாங்கம்மான்னு மட்டும் சொல்லுவே. அந்த ரெண்டு வருசத்தைத்தான் நீ அழிச்சுப்போட்டுப் பெங்களூர்னு எழுதியிருக்கறே. எனக்கு வலிக்கறது அதுதான் சாமி. உங்கப்பா இன்னிக்கு எந்திரிச்சு நடந்து வேலைக்குப் போறாங்கன்னா அந்த ரெண்டு வருசத்துல நீ ஊட்டுல இருந்ததுனாலதான், அதைப் போயி யாருக்கும் காட்டக்கூடாத வருசம்னு நீ நெனச்சுப்போட்டியே. கேக்கறவங்களுக்கு அது வேலையாத் தெரியாது, எனக்குப் புரியுது. ஆனாலும் அந்த வருசம் பொய்யில்ல.

உன்னையப் போலீசு புடிக்குமா, கேஸு போடுவாங்களா, இனி எந்தக் கம்பெனியும் உள்ளயே உடாதா, ஒண்ணும் தெரியாம மூணு நாளாச் சோறு எறங்கலை. அதை எல்லாம்விட ஒரு பயம் இருக்குது, அதையும் எழுதிப்போடறேன். வேலை போச்சேன்னு, மானம் போச்சேன்னு, அங்க தனியா உக்காந்துக்கிட்டு தப்புத்தண்டாவா எதையும் நெனச்சுப்போடாதே. வேலை போனா வேலைதான் போச்சு. மானம் போச்சுன்னு பேசறவங்க பேசட்டும், ரெண்டு நாளைக்குப் பேசிப்போட்டு அவங்கவங்க பொழப்பைப் பாக்கப் போயிருவாங்க. நீ எனக்கு முழுசா வேணும்.

இதை எல்லாம் போன்ல சொன்னா ஆகாதான்னு நீ கேப்பே. ஆபீசுக்காரங்க உன்ற போன்ல என்னமோ ஏத்தி வெச்சிருக்கறாங்க, கண்டதை மெசேஜ்ல போடாதேன்னு நீதான் சொன்னே, அது ஒண்ணு. நெசத்தைச் சொல்றேன், போன்ல பேசினா நீ அழுவே, நீ அழுதா நான் அந்தப் புள்ளையக் கூப்புட்டுக் கெஞ்சிப்போடுவேன். என்னைய எனக்குத் தெரியும். அதனாலதான் லெட்டரு. அந்த நம்பரை என்ற போன்ல இருந்து அழிச்சுப்போட்டேன், பூஜிதா போன்லயும் அழிக்க வெச்சுப்போட்டேன், இனி நீ கேட்டாலும் எங்கிட்ட இல்லை. கூரியர்காரரு நாளைக்குச் சாயங்காலம் அங்க வந்துரும்னு சொல்றாரு.

திங்கக்கிழமை காலையில மொத வேலையா, உன்னைய வேலைக்கு எடுத்தவங்ககிட்ட நேராப் போ. சுத்தி வளைக்காதே, பெங்களூர்ல நான் வேலை பாக்கலைங்க, ஊட்டுல எங்கப்பாவைப் பாத்துக்கிட்டு வேலை தேடிட்டு இருந்தேனுங்கன்னு சொல்லிப்போடு. என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது, திட்டுவாங்க, வெளிய அனுப்புவாங்க, அனுப்பினா மூட்டையைக் கட்டிக்கிட்டு ரயிலேறி வந்துரு. பூஜிதா நிக்கற அதே கண்ணாடி முன்னால ரெண்டு பேரும் மாத்தி மாத்தி நின்னு பேசிப் பழகுங்க. உங்கப்பாகிட்ட ஞாயித்துக்கெழமை நானே சொல்லிக்கறேன். உனக்கு வேலை கெடைச்சதுக்கு, தீவாளி முடிஞ்சதும் அவிநாசிக்கு நடந்தே வர்றதா வேண்டியிருக்கறாங்களாமா, அந்தக் காலை வெச்சுக்கிட்டு! நடக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னால அவங்களுக்கு நெசம் தெரியோணும். கத்துவாங்க. கத்தி முடிச்சுப்போட்டு, பையன் எந்த ரயில்ல வாறான்னுதான் கேப்பாங்க.

வேளா வேளைக்குச் சாப்புடு, வெறும் வயித்தோட அங்க போய் நிக்காதே. எந்தச் சாமி கைவிட்டாலும் எங்க ரெண்டு பேரு ஆசீர்வாதம் உன்ற கூடவே வரும், நல்லா இருப்பே, நெசத்தைச் சொல்லியே நல்லா இருப்பே. மறந்துபோடாதே, இதைப் படிச்சதும் எனக்குப் போன் பண்ணக்கூடாது. பண்ணினாலும் எடுக்க மாட்டேன், போனை அரிசி டப்பாவுக்குள்ள வெச்சுப்போட்டு உக்காந்திருப்பேன். போய்ச் சொல்லிப்போட்டுப் பண்ணு, மொத மணியிலயே எடுக்கறேன்.

இப்படிக்கு,
உன்ற பயந்தாங்கொள்ளி அம்மா,
ராமாமணி