ஓஃப் என்று எழுதிய வியாழக்கிழமை

தம்பி,

உன் மகள் தர்சினியை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். பின்தொடை பிடித்து, பள்ளிக்கூடப் படி ஏற முடியாமல் திரும்பி வந்துவிட்டாள். சோறும் மீன்குழம்பும் அடுப்பில் இருக்கின்றன. வேலையால் வந்ததும் சூடாக்கிச் சாப்பிடு.

விடியவே பார்க்குக்குக் கொண்டுபோய்ப் பத்துத் தரம் ஓடவிட்டாயாமே?

கோச் உனக்குப் போனில் விளங்கத்தானே சொன்னார். "போட்டிக் காலத்தில் கொஞ்சமாக ஓடவேண்டும், ஓடுவதை முழு வேகத்தில் ஓடவேண்டும். வியாழனும் வெள்ளியும் ஓஃப், ஓடவே கூடாது. சனிக்கிழமை இறுதிப் போட்டி."

போனை வைத்துவிட்டு நீ என்ன சொன்னாய்? "உவன் எங்கட பிள்ளையை மெல்லமாக் கழிக்கப் பாக்கிறான், அக்கா. என்னையும் முதல்ல ரெண்டு நாள் ஓஃப் எண்டுதான் சொன்னவங்கள். பிறகு லே-ஓஃப்."

உன்னை வேலையால் நிற்பாட்டியது அந்தப் பழைய தொழிற்சாலை. அந்த ஆத்திரத்தை அவளுடைய காலிலா தீர்ப்பது?

இப்போது அவளுக்குச் சப்பாத்துப் போட்டுவிடும்போது கேட்டேன். "கோச்சுக்கு என்ன சொல்லப் போறாய்?"

"படியில விழுந்தனான் எண்டு சொல்லுவன், மாமி. அப்பாவைச் சொல்லிப்போடாதேங்கோ."

பதினாறு வயதுப் பிள்ளை உன்னை மறைக்கிறாள். எனக்கு அந்தப் பொய் வேண்டாம். நாங்கள் வருமுன் கோச்சுக்கு நீயே போன் எடுத்து உண்மையைச் சொல். நம்பர் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் பயிற்சித் தாளில் இருக்கிறது, இன்றைய வியாழனுக்கு நேரே ஓஃப் என்று எழுதிய அதே தாள்.

அக்கா

ஐஸ் கட்டிகளைத் தொடாதே, அவள் காலுக்கு வேண்டும்.

போட்டிக்கென்று எடுத்த சனிக்கிழமை லீவை மாற்றிவிடாதே. தான் ஓட முடியாவிட்டாலும், தன் இடத்தில் வேறு பிள்ளை ஓடுவதைப் பார்க்கப் போவாளாம். நீ வாய் திறக்காமல் பக்கத்தில் இரு.