காலிக் கூண்டில் ஒரு நாய்

மார்ச் 4
மூலைக் கூண்டில் தனியாகக் கிடந்த கிழட்டு நொண்டி நாயைப் போன வாரம் ஒரு குடும்பம் கூட்டிப் போனது. அதன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். காப்பகத்தில் மிச்சம் நாற்பத்தொரு நாய்கள் என்கிறது நம் இணையப் பக்கம். காப்பகத்தை நடத்தும் டாக்டரம்மா கூண்டு கூண்டாகப் போய் எண்ணினார். நாற்பதுதான். "பக்கத்த நீதானே பாத்துக்கற? அந்த ஒண்ணு எங்க?" எனக்கெப்படித் தெரியும்? கம்ப்யூட்டர் இல்லாத நாயைக் காட்டுமா என்ன? கிழட்டு நொண்டி போன சாக்கில் இன்னொன்றையும் யாரோ கிளப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மார்ச் 5
கூண்டுச் சாவி முழுக்க, கூண்டு கழுவிச் சாப்பாடு வைக்கும் அக்காவிடம். சாயங்காலம் பெரிய பையோடு கிளம்பினாள்.
"பையில என்னக்கா?"
"பழைய போர்வைம்மா, தொவைக்க."
சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 6
இன்றும் பை. நேற்றைவிடப் பெரிசு.

மார்ச் 8
டாக்டரம்மாவிடம் பை விஷயத்தைப் போட்டுக்கொடுத்தேன். பின்னே? நாளைக்கு என் தலை உருளவா? அக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் சாவியை மேசையில் வைத்துவிட்டு என்னைத்தான் பார்த்தாள். "வாயில்லா ஜீவன வித்துத் திங்கற ஆளாம்மா நானு?"
நல்லாத்தான் நடிக்கிறாள். நடிக்கிறாளா?

மார்ச் 12
ஒரே கூண்டில் இருந்த அக்கா தங்கை நாய்கள் ரெண்டும் ஒரே வீட்டுக்குப் போயின. அந்தக் கூண்டும் காலி. இருப்பது முப்பத்தெட்டு. பக்கத்தில் நாற்பது! இப்போது ரெண்டு உதைக்கிறது. அக்கா வீட்டில் இருக்கிறாள், சாவி டாக்டரம்மா இடுப்பில். அப்புறம் யார், பேயா?

மார்ச் 13
அட கடவுளே.
பக்கத்தின் பட்டியலில் கூண்டுக்கு ஒரு வரி, அதில் கமா போட்டு நாய்களின் பெயர்கள். எனக்கு முன்னால் இருந்தவர் வரியைக் கமா உள்ள இடங்களில் வெட்டும் எக்ஸ்ப்ளோடால் பிரித்து, கிடைத்த அரேயில், அதாவது வரிசையில், எத்தனை சொல் என்று கவுண்ட் செய்து, எல்லாக் கூண்டையும் கூட்டியிருக்கிறார். காலிக் கூண்டின் வரியில் ஒன்றுமே இல்லை. ஆனால் பக்கம் எழுதியிருக்கும் பிஎச்பி மொழி அதைப் பிரித்தாலும் காலி அரே தராது. உள்ளே ஒரு வெற்றுச் சொல்லை வைத்துத் தரும். கவுண்ட் அதையும் ஒன்று என்று எண்ணிவிடும். கிழட்டு நொண்டி போகும்வரை எந்தக் கூண்டும் காலியானதே இல்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை.
வரி காலியாக இருந்தால் பூஜ்யம் என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன். முப்பத்தெட்டு. காலிக் கூண்டை எண்ணிவிட்டு ஒரு மனுஷியைத் திருடியாக்கிட்டேனே.

மார்ச் 14
டாக்டரம்மாவும் நானும் அக்கா வீட்டுக்குப் போனோம். வாசல் கொடியில் காப்பகத்துப் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. "மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.
"விடும்மா. கூண்டெல்லாம் யார் கழுவுனது?" என்றுதான் கேட்டாள்.

மார்ச் 21
அக்கா வேலைக்கு வருகிறாள். பக்கமும் சரியாகக் காட்டுகிறது. சாயங்காலம் கிளம்பும்போது, யாரும் கேட்காமலே, என் மேசைக்கு வந்து பையைத் திறந்து ஒவ்வொரு போர்வையாக உதறிக் காட்டுகிறாள். "வேணாம்க்கா" என்றேன்.
"பாத்துக்கம்மா" என்கிறாள். தினமும்.